மூன்றாவது கம்பி

அத்தியாயம் பதினான்கு

கட்டிலுக்குக் கீழே தொங்கிய பிளாஸ்டிக் பையில் இறங்கியிருந்த மூத்திரம் கட்டி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. ரவிக்குமார் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சொர்ணலதா விழுந்த இடத்தில் போன வாரம் கதையை நிறுத்தியிருந்தோம். மைசூர் சரஸ்வதிபுரம், கேசவமூர்த்தி வீட்டுப் பின்கட்டு, வாஷிங் மெஷின் பக்கத்து ஈரத் தரை, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. அந்த வீட்டில் பதினெட்டு வருஷமாகத் துணி துவைத்துப் பாத்திரம் தேய்க்கிறவள். ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டபோது, “மயங்கி விழுந்துட்டா. விழறப்போ கையில வெந்நீர் கொட்டிடுத்து” என்று சீட்டு எழுதுகிறவரிடம் சொன்னவர் கேசவமூர்த்தி. பக்கத்தில் நின்ற சொர்ணலதாவின் மகன் ரவிக்குமார் வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அவன் எலெக்ட்ரீஷியன். பத்து வருஷமாக ஒயர் பிடிக்கிறவன். வெந்நீர்ப் புண் எப்படியிருக்கும், விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் குழி விழுந்த கரண்ட் புண் எப்படியிருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று புதன். பகல் பன்னிரண்டு மணிக்கு வந்த டாக்டர் சின்னப் பெண். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சொர்ணலதாவின் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேராக ரவிக்குமாரைப் பார்த்து, கரண்ட் அடித்ததா என்று கன்னடத்தில் கேட்டாள்.

“கரெண்ட் ஹொடீதா?”

“இல்ல மேடம். தலை சுத்தி விழுந்துட்டாங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கரெண்ட் அடிச்சிருந்தா உள்ளே சதை வெந்திருக்கும். அது கிட்னியை அடைக்கும். இதயம் எப்ப வேணா தடுமாறும். மயக்கத்துக்கு நாங்க பார்க்கிற வைத்தியம் வேற, இதுக்கு வேற. எவ்வளவு நேரம் புடிச்சுதுன்னு தெரிஞ்சாக்கூட உபயோகம். சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குன்னு நினைக்காதீங்க.”

அவள் போய்விட்டாள். ரவிக்குமாரின் மனைவி அஷ்வினி கார்மென்ட்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மாமியார் தலைமாட்டில் இருந்தாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“என்னங்க, நிஜமாவே கரண்ட் இல்லையா?”

“சும்மா இரு.”

“நீங்க செஞ்ச வயரிங்தானே அங்க?”

“சும்மா இருன்னு சொன்னனில்ல.”

அவள் சும்மா இருந்தாள். அவளுடைய பார்வை சும்மா இருக்கவில்லை. நல்லவேளை, தங்கை ஜீவிதா இல்லை. நேற்று முழுக்கக் கைக்குழந்தையோடு இங்கேயே கிடந்தவளை, ‘குழந்தைக்குச் சளி புடிச்சுக்கும், போ’ என்று காலையில்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, அவள் வீட்டுக்கு, பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

இரண்டரை மணிக்கு ரவிக்குமாரின் போன் அடித்தது. கேசவமூர்த்தி.

“ரவி, அந்த டாக்டர் பொண்ணு எனக்கும் போன் பண்ணிக் கேக்கறா. நீ உடனே ஆத்துக்கு வா. யாராவது வந்து நோண்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நேர் பண்ணிடு.”

வராந்தாவில் குந்தியிருந்த அப்பா முனிராஜ் எழுந்தார். கோபிநத்தத்தில் இருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு மைசூருக்கு வந்தவர். கல் உடைத்து, சித்தாள் வேலை பார்த்து, இப்போது வீட்டு வாசல்களுக்கு இன்டர்லாக் கல் பதிக்கிறார்.

“நானும் வாறேன்.”

“நீங்க எதுக்குப்பா?”

“வாறேன்னா வாறேன். வண்டிய எடு.”

*

ரவிக்குமாரின் பிழைப்பு இந்த நாலு வருஷத்தில் மாறியிருந்தது. பெரிய கம்பெனிக்காரன் வந்து ஒரு வீட்டை ‘ஸ்மார்ட்’ ஆக்கினால் லட்சத்தில் கேட்பான். இவன் ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதை வாங்குவான். ஒருவனுடைய பிளக், இன்னொருவனுடைய சுவிட்ச், பேரே இல்லாத ஒரு சென்சார். ஒன்றோடு ஒன்று பேசாத இந்தச் சாமான்களையெல்லாம், ஒரு பழைய லேப்டாப்பில் சாப்ட்வேர் ஏற்றி, வைஃபையில் கோத்து, ஒரே ஆப்பில் ஓடவைத்துவிடுவான். முழங்கால் வலிக்காரியான கேசவமூர்த்தியின் மனைவி லக்ஷ்மம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே மோட்டார் போடலாம். கேசவமூர்த்திக்கு எல்லாம் நேரப்படி நடக்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு வாஷிங் மெஷினின் பிளக் தானாக ஆன் ஆகும். அதற்குள் சொர்ணலதா துணியைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, குமிழைத் திருகிவைத்துவிட வேண்டும்.

மெஷினைப் பின்கட்டுக்கு மாற்றியபோதுதான் சிக்கல் வந்தது. எந்தச் சாமானுக்கும் இரண்டு கம்பி வேண்டும். ஒன்றில் கரண்ட் வரும், இன்னொன்றில் திரும்பிப் போகும். திரும்பிப் போகிறதற்கு நியூட்ரல் என்று பேர். மூன்றாவது, பச்சைக் கம்பி, எர்த். அதற்கு வேலையே கிடையாது. ஏதாவது கெட்டுப்போன அன்றைக்குக் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கி ஆளைக் காப்பாற்றுவதற்காகக் காத்துக் கிடக்கிற கம்பி.

பின்கட்டு போர்டில் கரண்ட் இருந்தது, எர்த் இருந்தது, நியூட்ரல் இல்லை. கொண்டுவரச் சுவரை வெட்ட வேண்டும். “சுவத்துல கை வெக்கப்படாது. இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு” என்றார் கேசவமூர்த்தி. ரவிக்குமார் எர்த்தையே நியூட்ரலாக்கிவிட்டான். அப்படிச் செய்தால் ஆள் உயிரைக் காக்கிற ட்ரிப்பர் மெயினில் விழும், விழுந்தது. அது இனி விழாதபடி, அதைத் தாண்டி ஒரு ஒயரைப் போட்டான். மெஷின் ஓடிற்று. நாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிற்று.

இந்த வித்தையை அவன் அந்த ஒரு வீட்டோடு நிறுத்தவும் இல்லை.

*

வீடு போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. முனிராஜ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றுச்சுவர் ஓரமாகவே பின்பக்கம் போய்விட்டார். கேசவமூர்த்தி ஹாலில் நின்றுகொண்டே பேசினார். எழுபது வயது, சலவை வேட்டி, கையில் போன்.

“சொர்ணா எப்படியிருக்கா?”

“அப்படியேதான் சார்.”

“பெருமாள் இருக்கார். நீ முதல்ல அந்த போர்டைச் சரி பண்ணு. அப்புறம், அந்த லேப்டாப்புல எல்லாம் எழுதிண்டே இருக்கும்னு நீதானே சொன்னே? நேத்து எழுதினதை அழிச்சுடு.”

“சார்...”

“உனக்காகத்தான் சொல்றேன்டா. விசாரணைன்னு வந்தா யார் மாட்டுவா? நானா? லைசென்ஸ் இல்லாத ஆளை வெச்சு வேலை வாங்கினேன்னு என்னை நாலு வார்த்தை திட்டுவா. உன்னை உள்ள தூக்கிப் போடுவா. சொர்ணா எழுந்து வந்தா அவளுக்கு இங்க வேலை இருக்கும். யோசி.”

ரவிக்குமார் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தான். அழிக்கத்தான் வந்திருந்தான். லேப்டாப்பைத் திறந்து செவ்வாய்க்கிழமைப் பக்கத்துக்குப் போனான்.

9:30:00. பின்கட்டு பிளக். ஆன்.

9:30:11. பின்கட்டு பிளக். ஆஃப்.

நடுவில் ஒரு சின்ன மேடு. அந்தப் பிளக்கில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டுகிற கோடு. மோட்டார் சுற்றினால் முந்நூற்றைம்பது வாட் காட்டும். நேற்று அறுபது. மோட்டார் சுற்றவே இல்லை. அறுபது வாட் எங்கோ போயிருக்கிறது. பதினொரு நொடி போயிருக்கிறது.

எங்கே போனது என்று அவனுக்குத் தெரியும். டாக்டர் கேட்ட கணக்கு இதுதான்.

ஆஃப் என்ற வரியின் கடைசியில் யார் அணைத்தது என்றும் இருந்தது. ‘லக்ஷ்மம்மா போன்.’

ரவிக்குமார் தலையைத் தூக்கினான். சமையலறை வாசலில் லக்ஷ்மம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆக, இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரியாதவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

ஆனாலும் ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. நாலு மாதம் கடிக்காத கரண்ட் நேற்று மட்டும் ஏன் கடித்தது? அப்போதுதான் பின்பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

*

மெஷினுக்கு எதிரே, மூன்று நாள் வேலை செய்து திங்கட்கிழமை மத்தியானம்தான் முடித்த இன்டர்லாக் தரை. சிவப்பும் சாம்பலுமாக ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது. அந்த மூன்று நாளும் பின்கட்டில் துணி துவைக்கவில்லை. அதன் நடுவில் முனிராஜ் குந்தி உட்கார்ந்து, தான் பதித்த கல்லைத் தானே நெம்பிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா பண்றீங்க? அவரு பாத்தா கத்துவாரு.”

“கத்தட்டும்.”

ஐந்தாறு கல்லை எடுத்துப் பக்கத்தில் அடுக்கினார். மணலைக் கையால் பறித்தார்.

“இங்கதான்டா செங்கல் கட்டி ஒரு குழி இருந்துச்சு. அந்தம்மா சொல்லி உங்கம்மா தெனமும் துணி அலசுன தண்ணிய இதுலதான் ஊத்துவா. லெவலுக்கு முட்டிக்கிட்டு நின்னுச்சு. உடைச்சுப்போட்டேன்.”

ரவிக்குமார் குனிந்து பார்த்தான். பச்சைக் கம்பி மண்ணில் இறங்குகிற, ஈரம் காயாமலிருக்கத் தண்ணீர் ஊற்றுகிற எர்த் குழி.

“உள்ள ஒரு கம்பி இருந்திருக்குமே?”

முனிராஜ் கையை உள்ளே விட்டார். மணலுக்குள்ளிருந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். களிம்பு பிடித்த தடித்த செம்புக் கம்பி. வெட்டுப்பட்ட இடம் மட்டும் புதுசாகப் பளபளத்தது.

“பச்சை புடிச்சுக் கெடந்துச்சு. செத்த கம்பின்னு நெனச்சேன். உளிய வெச்சு ரெண்டு போடு.”

“யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“யாரைக் கேக்கச் சொல்ற? அவரைக் கேட்டா, இதுகூடத் தெரியாத ஆளையா வேலைக்கு வெச்சேன்னு சொல்லுவாரு. உன்னைக் கேட்டா நீ சிரிப்ப.”

“நான் எப்பப்பா சிரிச்சேன்?”

“எப்பவும் சிரிப்ப. போன்ல லைட்டப் போடத் தெரியலன்னு போன மாசம் உம் பொண்டாட்டி முன்னாடி சிரிச்சியே. அதெல்லாம் மறந்துபோயிருமா?”



முனிராஜ் கம்பியைக் கீழே போட்டார். மணல் ஒட்டிய கையை மடியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நேத்து அவ கையப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கல் குவாரியில கரண்ட் புடிச்சுச் செத்தவன் கையி இப்படித்தான் இருந்துச்சு. நாந்தான்டா. முப்பத்திரண்டு வருசம் எனக்குச் சோறு போட்டவளை ரெண்டு போடுல முடிச்சுப்போட்டேன்.”

நடந்தது ரவிக்குமாருக்கு இப்போது முழுசாகப் புரிந்தது. வெட்டுப்பட்ட முனை மணலில் கிடந்திருக்கிறது. பிளக் உயிரோடிருக்கத் தேவையான துளி கரண்ட்டுக்கு அந்த மணல் போதும். மோட்டாருக்குப் போதாது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் மெஷின் உடம்பு முழுக்க ஏறி நின்றிருக்கிறது. மூன்று நாள் துணி. அம்மாவுக்கு நேற்று பத்து நிமிஷம் தாமதமாகியிருக்கும். ஒன்பதரைக்குத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் துணியை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதோடு இன்னொன்றும் புரிந்தது. அது அசிங்கமானது. அப்பா தன்மேல் போட்டுக்கொண்டார். படிப்பில்லாத ஆள், கம்பியை அறுத்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். போர்டைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.

பின்வாசலில் கேசவமூர்த்தி வந்து நின்றிருந்தார். அவரும் கேட்டிருக்கிறார்.

“அப்படிச் சொல்லு. உங்கப்பா பண்ணின காரியமா? பாரு, நான் என்னவோன்னு பயந்துண்டிருந்தேன். கூலி வேலைக்காரன் தெரியாம வெட்டிட்டான். ஆக்ஸிடென்ட். இதுல உனக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லையே!”

‘கூலி வேலைக்காரன்’ என்றதும் முனிராஜ் எழுந்து நின்று தலையாட்டினார். “ஆமாங்கய்யா. என் பேரைச் சொல்லிப்போடுங்க” என்றார்.

அந்தத் தலையாட்டலைத்தான் ரவிக்குமாரால் தாங்க முடியவில்லை.

“அப்பா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. எர்த் அறுந்தா மட்டும் யாரும் சாக மாட்டாங்க. இந்த ஊர்ல பாதி வீட்டுல எர்த் அறுந்துதான் கெடக்குது.”

“பின்ன?”

“நீங்க அறுத்தது சும்மா இருக்க வேண்டிய கம்பி. அதுல கரண்ட்டை ஓடவிட்டது நான். சுவத்தை வெட்டாம வேலைய முடிக்கறதுக்காக.”

முனிராஜ் அவன் முகத்தைப் பார்த்தார்.

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

அப்பா அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடிக்கவில்லை. அவர் மறுபடி குந்தி உட்கார்ந்தார். எடுத்த கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

“எனக்குத் தெரியாது, அறுத்தேன். நீ படிச்சவன். உனக்குத் தெரியும்.”

அவ்வளவுதான் சொன்னார். அடித்திருக்கலாம்.

“முட்டாள்தனம் பண்ணாதே, ரவி” என்றார் கேசவமூர்த்தி. “உங்கப்பாவே ஒத்துண்டாச்சு. நீ வாயைத் திறந்தா உன் பொழைப்பே போயிடும்.”

“நான்தான் ஆஃப் பண்ணினேன், ரவி.”

லக்ஷ்மம்மா. கணவருக்குப் பின்னால், கதவைப் பிடித்துக்கொண்டு.

“நீ உள்ள போ” என்றார் அவர்.

“போகமாட்டேன். அவ மெஷினைப் புடிச்சுண்டு ஆடறா. சத்தமே வரலை. போனைக் காணும். கண்ணாடி இல்லாம எந்தப் பட்டன்னு தெரியலை. அதுல எத்தனை நொடின்னு எழுதியிருக்கோ? எனக்கு ஒரு நாளாட்டம் இருந்தது. நேத்தே அந்த டாக்டர்ட்ட சொல்லியிருக்கணும். இவர் வேண்டாம்னார், நானும் வாயை மூடிண்டேன். பதினெட்டு வருஷம் என் கால்ல எண்ணெய் தடவினவ.”

ரவிக்குமார் போனை எடுத்தான்.

“அஷ்வினி, டாக்டர் எங்கிருந்தாலும் போய்ப் புடி. கரண்ட்தான்னு சொல்லு. பதினொரு நொடி. வலது கை, ஈரத் தரை, வெறுங்கால். ஸ்கிரீன் போட்டோ அனுப்பறேன், காட்டு. யாரு செஞ்ச வயரிங்னு கேட்டா எம் பேரைச் சொல்லு.”

அஷ்வினி, “பதினொரு நொடி, வலது கை” என்று திருப்பிச் சொன்னாள்.

“டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே, ரவி.”

கல்யாணமான நாளாக அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வைத்துவிட்டாள்.

போர்டை அவன் தொடவில்லை. யார் வந்து பார்த்தாலும் பார்க்கட்டும். மெயின் பியூஸை மட்டும் பிடுங்கிக் கேசவமூர்த்தியின் உள்ளங்கையில் வைத்தான். “நான் இல்லாம, வேற நல்ல ஆளு வந்து பாக்கற வரைக்கும் இதைப் போடாதீங்க சார். லக்ஷ்மம்மா தொடுற குழாய்லயும் இதே கரண்ட் வரும்.”



*

மீதி வீடுகள் இருந்தன. ஆறு வீட்டில் இதே வித்தை. எல்லா வீட்டின் சாவியும் அவன் போனில் இருந்தது. நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாக அணைத்தான். குவெம்புநகர் வீடு, ஆஃப். போகாதி வீடு, ஆஃப். ஹெப்பாளில் இரண்டு, ஆஃப். நஞ்சுண்டசாமி மாஸ்டர் வீடு, ஆஃப். ஒவ்வொரு வீட்டுக்கும், ‘ஸ்மார்ட் பாயின்ட் எதையும் தொடாதீங்க, நான் வர்றேன்’ என்று குரல் செய்தி அனுப்பினான்.

ஆறாவது வீட்டுக்கு நேராகச் சாம்பல் எழுத்தில் ஒரு வார்த்தை நின்றது. ஆஃப்லைன்.

திரும்பத் தட்டினான். ஆஃப்லைன்.

நெட் இல்லையென்றால் இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பிளக்குக்கு நெட் வேண்டியதில்லை. நேரம் அதன் உள்ளேயே இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்ட வசதியாக, தினமும் மாலை ஐந்து மணிக்குக் கீசர் தானாக ஆன் ஆகும்படி அவன்தான் வைத்துக் கொடுத்தான். தங்கச்சிக்கு அண்ணன் செய்த சீர்.

மணி நாலு இருபத்தைந்து.

ஜீவிதாவுக்குப் போன் போட்டான். அடித்தது, எடுக்கவில்லை. மாப்பிள்ளை ரெண்டாவது ஷிப்ட். ஃபேக்டரி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மறுபடி ஜீவிதா. எடுக்கவில்லை.

பதறாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த வீட்டு எர்த் நன்றாகத்தான் இருந்தது. அவனே பார்த்திருக்கிறான். வாசல் ஓரத்தில் செங்கல் கட்டிய குழி.

“என்றா? யாருக்குப் போடற?” என்று முனிராஜ் வந்தார்.

“ஜீவிக்கு. அவ கீசருக்கும் இப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கேன். பயமில்ல, அங்க எர்த் குழி ஒழுங்கா இருக்கு.”

முனிராஜ் கையில் இன்னும் அந்தக் கல் இருந்தது. சிவப்புக் கல்.

“இந்தக் கல்லு மிச்சமாச்சுன்னு திங்கக்கெழமை டெம்போல ஏத்திவிட்டேன்டா.”

“எங்க?”

“நேத்து காலையில, உங்கம்மா விழுந்துட்டான்னு போன் வந்தப்ப, நான் ஜீவி வீட்டு வாசல்லதான் இருந்தேன். வாசலுக்குக் கல்லு போட்டு முடிச்சிருந்தேன்.”

“அந்தக் குழி?”

“அதுவும் லெவலுக்கு முட்டுச்சுடா” என்று கல்லைக் கீழே வைத்தார். நேற்று ஜீவிதா வீட்டில் இல்லை. நேற்று ஐந்து மணிக்கு அந்தக் குளியலறையில் யாரும் இல்லை. இன்று இருக்கிறாள்.

“நீ போ” என்றார் முனிராஜ். குரல் உடையவில்லை, உயரவும் இல்லை. “நான் ஆஸ்பத்திரிக்குப் போயி உங்கம்மாகிட்டயும் டாக்டர்கிட்டயும் எம் பங்கைச் சொல்லிக்கறேன். நீ போடா!”

வண்டி ரிங் ரோட்டை ஏறியபோது நாலு முப்பத்தைந்து. சட்டைப் பைக்குள் ஸ்பீக்கரில் போட்ட போன் ஜீவிதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் முழுதாக அடித்து ஓய்ந்தது. சித்தலிங்கபுரம் சிக்னலில், மணி ஐந்தைத் தொடும்போது, எதிர்முனை எடுக்கப்பட்டது. குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம். பின்னால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

“ஜீவி! ஜீவி, கேக்குதா? குழாயைத் தொடாதே!”

குழந்தை அழுதது. தண்ணீர் விழுந்தது. ஜீவிதாவின் குரல் மட்டும் வரவில்லை.